நடந்து செல்வோர்க்கு ஒரு பாலம்

நீர் சூழ்ந்த ஊரில் வாழ்வோர்க்குப் பாலத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம் மட்டாஞ்சேரிக்குக் கிழக்கே காயல், ஊருக்குள் கால்வாய்கள். அவற்றுள் ஒன்றுக்கு ராமேசுவரம் கால்வாய் என்றே பெயர். கேட்டவுடன் நம் தென்கோடித் திருத்தலம் நினைவுக்கு வரும். அதனோடு சேர்ந்த கல்வத்திக் கால்வாய் ஒரு காலத்தில் இரு ஆட்சிகளின் எல்லையாக விளங்கியது. அதற்கு அப்பால் ஆங்கிலேயரின் கோட்டைக் கொச்சி. இப்பால் கொச்சி மகாராஜாவின் மட்டாஞ்சேரி. 1967-ஆம் ஆண்டு கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எர்ணாகுளம் ஆகிய நகரசபைகள் இணைந்து கொச்சி மாநகராட்சி ஆயின. எல்லை மறைந்தது, தண்ணீர் மட்டும் அங்கேயே இருக்கிறது.

அத்தண்ணீரை நாள்தோறும் கடப்போர் யார்? பள்ளிக்குச் செல்லும் சிறுவர். கடைத்தெருவுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர். கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் முதியோர். கோட்டைக் கொச்சிச் சலவைத்துறையில் வெளுத்த துணிகளைச் சைக்கிளில் மூட்டையாகக் கட்டிச் செல்லும் நம் தமிழ்க் குடும்பத்தினர். இவர்களில் பலருக்கு மோட்டார் வண்டி இல்லை. காலும் சைக்கிளுமே வாகனம். வண்டிகள் இரைந்தோடும் பெரிய பாலத்தின் ஓரத்தில் ஒதுங்கி ஒதுங்கி நடப்பதே இவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் மட்டுமே பயன்படுத்தும் பாலத்தை நடைபாலம் என்கிறோம். அப்படியொரு பாலம் என்றால் நான்கு தூண், நாலு பலகை, இரு பக்கமும் ஒரு கம்பி, அவ்வளவுதானே என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறு என்பது மட்டுமன்று, உயிருக்கே ஆபத்தானது. நடைபாலத்தை அமைக்கும் கலையின் அடிப்படைகளை நம் சங்க அன்பர்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

மனிதரின் பாரம்

மனிதன் லாரியைவிட இலேசானவன். ஆகவே மனிதர் நடக்கும் பாலமும் இலேசாக இருக்கலாம் என்பது முதலில் தோன்றும் எண்ணம். கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது.

லாரிக்கு நீளம் உண்டு. முன்னும் பின்னும் இடைவெளி விட்டே அது ஓடும். மனிதர் கூட்டமோ இடைவெளியின்றி நெருங்கி நிற்கும். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி, சாதாரண நடைபாதைக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ பாரம் என்று கொள்ளவேண்டும். யாத்திரைத் தலங்களுக்கும் திருவிழாக் கூட்டம் சேரும் ஊர்களுக்கும் அருகிலுள்ள பாலமாயின் 500 கிலோ என்று கொள்ளவேண்டும். சதுர மீட்டருக்கு ஏழு பேர் தோளோடு தோள் நெருக்கி நிற்பதற்கு இது ஒப்பாகும்.

முப்பது மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உடைய ஒரு சிறு நடைபாலத்தை எண்ணிக்கொள்வோம். அதன் பரப்பு 90 சதுர மீட்டர். 500 கிலோ வீதம் கணக்கிட்டால் 45,000 கிலோ, அதாவது 45 டன். பாரம் ஏற்றிய சாதாரண லாரி ஒன்று ஏறக்குறைய 18 டன் இருக்கும். எனவே அச்சிறு பாலம் இரண்டு லாரிகளுக்கும் அதிகமான பாரத்தை ஒரே வேளையில் தாங்கியாக வேண்டும்.

நம் ஊரில் எந்தக் கணக்குப் பொருந்தும்? டிசம்பர் 31-ஆம் நாள் இரவில் கோட்டைக் கொச்சியில் பாப்பாஞ்சி உருவத்தை எரிப்பதைக் காணத் திரளும் கூட்டத்தை ஒருமுறை பார்த்தவர், 500 கிலோக் கணக்கே பொருந்தும் என்று தயங்காமல் சொல்வர். வாரநாள் காலையில் பத்துப் பேர் நடக்கிறார்கள் என்பதை வைத்துப் பாலம் கட்டலாகாது. ஆண்டில் எந்த ஒரு நாளில் கூட்டம் மிகுகிறதோ, அந்த நாளின் பாலத்தையே கட்டவேண்டும்.

கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்தால்

பாரம் எவ்வளவு என்பதோடு, அது எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். 1845-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் இங்கிலாந்தின் யார்மவுத் ஊரில் ஒரு கோமாளி, வாத்துகள் இழுக்கும் தொட்டியில் அமர்ந்து ஆற்றில் வருவான் என்று விளம்பரம் செய்யப்பட்டது. அதைக் காணத் தொங்கு பாலத்தில் நின்ற கூட்டம், வேடிக்கை வந்த பக்கமாகத் திரண்டது. அப்பக்கத்துச் சங்கிலி அறுந்தது. பாலத்தின் தளம் சாய்ந்தது. மாண்டவர் 79 பேர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள்.

தண்ணீரின்மேல் கட்டும் நடைபாலத்தில் இவ்வாறு நிகழ்தல் இயல்பே. படகுப் பந்தயமோ, விசர்சன ஊர்வலமோ, அஸ்தமன சூரியனோ எதுவாயினும் காண்பதற்கு மக்கள் ஒரு பக்கக் கைப்பிடியை நாடியே ஓடுவர். பாதித் தளம் நிறைந்து மறுபாதி வெறுமையாக இருக்கும் நிலைக்கும் தனியே கணக்கிட்டுப் பார்ப்பது இஞ்சினீயரின் கடமையாகும்.

நம் நாட்டிலும் இத்துயரம் நேர்ந்திருக்கிறது. குஜராத்தின் மோர்பி நகரில் மச்சு ஆற்றின்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட தொங்கு பாலம், பழுதுபார்ப்புக்குப் பின் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது. நான்கே நாள் கழிந்து, 30-ஆம் நாள் மாலையில், ஏறக்குறைய 300 பேர் அதன்மேல் இருந்தபோது அது அறுந்து வீழ்ந்தது. 135 பேர் உயிரிழந்தனர். பிரதான வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்னரே துருவால் சீரழிந்திருந்தன என்று விசாரணைக் குழு கண்டது. எத்தனை பேரை ஏற்றலாம் என்ற வரம்பும் அங்கே காக்கப்படவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் புனேக்கு அருகே இந்திராயணி ஆற்றின்மேல் இருந்த பழைய இரும்பு நடைபாலமும் சுற்றுலாக் கூட்டத்தின் பாரத்தால் வீழ்ந்தது, நால்வர் இறந்தனர்.

நடையின் தாளம்

மனிதர் நடக்கையில் வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி எடுத்து வைக்கின்றனர். ஒவ்வோர் அடியும் தளத்தைக் கீழ்நோக்கித் தட்டுகிறது. வலக்கால் ஒரு பக்கமும் இடக்கால் மறுபக்கமும் தள்ளுவதால், பக்கவாட்டிலும் வினாடிக்கு ஒருமுறை ஆட்டம் உண்டாகிறது. பாலத்துக்கும் இயல்பான ஓர் ஆட்டத் தாளம் உண்டு. ஊஞ்சலை அதன் தாளம் அறிந்து தள்ளினால் சிறு குழந்தையும் அதை உயரச் செலுத்திவிடும். நடையின் தாளமும் பாலத்தின் தாளமும் ஒன்றிவிட்டால் அதுவே பாலத்திலும் நிகழ்கிறது.

1831-ஆம் ஆண்டு மான்செஸ்டருக்கு அருகே பிராட்டன் தொங்கு பாலத்தில் 74 போர்வீரர்கள் ஒரே சீராக அடிவைத்து நடந்தபோது பாலம் குலுங்கி ஒரு முனை வீழ்ந்தது. அதன்பின் பாலங்களைக் கடக்கும் படைவீரர் சீர்நடையை விட்டு அவரவர் போக்கில் நடக்கவேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது.

அதைவிட வியப்பானது லண்டன் மாநகரில் நிகழ்ந்தது. தேம்ஸ் நதியின்மேல் மில்லேனியம் நடைபாலம் 2000-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 2000 பேர் வரை அதன்மேல் நடந்தனர். யாரும் சொல்லாமலே பாலம் பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. அசையும் தளத்தில் விழாமலிருக்க மக்கள் அந்த அசைவுக்கேற்பக் காலை அகற்றி வைத்தனர். அதனால் அசைவு மேலும் பெருகிற்று. இரண்டே நாளில் பாலம் மூடப்பட்டது. ஆட்டத்தைத் தணிக்கும் கருவிகள் பலவற்றைப் பொருத்தி, 2000 பேரை நடக்கவிட்டுச் சோதித்த பின்னரே, 2002-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. பாலம் வலுவற்றதாக இருக்கவில்லை. நடப்பவரின் இயல்பைக் கணக்கில் கொள்ளாமையே குறை. மெலிந்து நீண்ட அழகிய பாலத்தை வரைபவர், அதன் வலிமையோடு அதன் ஆட்டத்தையும் கணக்கிடவேண்டும் என்ற பாடத்தை உலகம் அன்று கற்றது.

படகுக்கு உயரம், பாட்டிக்குச் சரிவு

கால்வாயின்மேல் பாலம் கட்டுகையில் இரு தேவைகள் மோதுகின்றன. கீழே செல்லும் படகு, பாலம் உயர வேண்டும் என்கிறது. மேலே நடக்கும் முதியவர், அது தாழ வேண்டும் என்கிறார்.

பெரிய ஜலமார்க்கங்களில் இச்சிக்கலைத் தூக்குப் பாலத்தால் தீர்த்தனர். ராபர்ட் பிரிஸ்டோ என்னும் இஞ்சினீயர் கொச்சித் துறைமுகத்தை அமைத்த காலத்தில், தோப்பும்படியையும் வில்லிங்டன் தீவையும் இணைக்க எழுந்த பழைய துறைமுகப் பாலத்தில், கலங்கள் செல்வதற்காக நடுக்கண் மேலே தூக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. நம் பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தின் நடுக்கண் இரு இதழாக விரியும். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள கண் நேராக மேலெழுகிறது. ஆனால் சிறு கால்வாயின் நடைபாலத்துக்கு இயந்திரமும் காவலாளும் வைத்துக் காப்பது இயலாது. நிலையான பாலத்தையே தக்க உயரத்தில் கட்டவேண்டும்.

அவ்வுயரத்தை ஏறுவது எப்படி? படிக்கட்டு வைத்தால் செலவு குறையும், இடமும் மிச்சமாகும். ஆனால் சக்கர நாற்காலியில் செல்பவர், சைக்கிள் தள்ளுபவர், குழந்தை வண்டியோடு வரும் தாய், முழங்கால் வலியுள்ள பாட்டி ஆகிய அனைவரையும் அப்படிக்கட்டு கரையிலேயே நிறுத்திவிடும். சரிவுப்பாதையே தேவை. ஓர் அடி உயர்வதற்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. 20 அடி இருந்தால் ஏறுவோர்க்கு எளிது. இடையிடையே நின்று இளைப்பாறச் சமதளத் திட்டுகளும் வேண்டும்.

இங்கே பாலத்தின் வடிவம் பாட்டியின் நடையைத் தீர்மானிப்பதைக் காணலாம். நீர்மட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரத்துக்குப் படகுவழி விடவேண்டும் என்றும், கரை நீர்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரத்தில் உள்ளது என்றும் வைத்துக்கொள்வோம். முப்பது மீட்டர் நீளத்துக்கு அடியில் உத்தரங்கள் வைத்துக் கட்டினால், அவ்வுத்தரம் ஒன்றரை மீட்டர் கனம் இருக்கும். அப்போது தளம் நீர்மட்டத்துக்கு மேல் நாலரை மீட்டர். ஏறவேண்டிய உயரம் மூன்றரை மீட்டர். சரிவுப்பாதையின் நீளம் 42 மீட்டர்.

அதே பாலத்தை வில்நாண் வடிவில் கட்டினால், தாங்கும் வளைவு நடப்போரின் இரு பக்கமும் மேலெழுகிறது. வில் விரிந்து விலகப் பார்க்கிறது. நாண் அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்த நாணின் மட்டத்திலேயே தளம் அமைந்து, வளைவிலிருந்து தொங்கும் கம்பிகளால் தாங்கப்படுகிறது. அதனால் தளம் அரை மீட்டர் கனமே போதும். ஏறும் உயரம் இரண்டரை மீட்டராகவும், சரிவுப்பாதை 30 மீட்டராகவும் குறைகின்றன. ஒவ்வொரு கரையிலும் 12 மீட்டர் நடை மிச்சம். கரையோரம் கடைகளும் வீடுகளும் நெருங்கிய மட்டாஞ்சேரியில் 12 மீட்டர் நிலம் சிறிதன்று.

அகலமும் கைப்பிடியும்

நடப்பவர் மெல்லச் செல்வார்; நின்று பேசுவார்; திடீரெனத் திரும்புவார். சைக்கிளில் வருபவர் அவரைவிட மூன்று மடங்கு வேகத்தில் வருவார். இருவருக்கும் ஒரே பாலம் என்றால் தெளிந்த அகலம் மூன்று மீட்டருக்குக் குறையலாகாது. இரு ஓரத்திலும் சற்று இடம் விட்டு நான்கு மீட்டருக்கு மேல் இருப்பின் நன்று. கைப்பிடியில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்து நிற்பவருக்கும் அதில் இடம் வேண்டுமல்லவா? நடுவில் சற்று அகன்ற திண்ணை அமைத்தால், நிற்போர் நடப்போரைத் தடுக்கமாட்டார்.

நடப்போருக்குக் கைப்பிடி 1.1 மீட்டர் உயரம் போதும். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் உடல் அதைவிட உயரத்தில் இருப்பதால், சைக்கிள் செல்லும் பாலத்தில் 1.4 மீட்டர் வரை உயர்த்துவது நல்லது. கம்பிகள் குறுக்காக இருந்தால் குழந்தைகள் ஏணியாக ஏறிவிடுவர்; நெடுக்காக, ஒரு குழந்தையின் தலை நுழையாதவாறு நெருங்கி இருக்கவேண்டும். தளம் மழையில் வழுக்காமல் சொரசொரப்பாக இருத்தல் அவசியம். தென்மேற்குப் பருவமழையை ஆண்டுதோறும் காணும் நமக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. இரவில் நடக்கும் பெண்களுக்கு விளக்கொளியும் பாலத்தின் ஓர் உறுப்பேயாகும்.

உப்பும் சேறும்

கொச்சியின் நீர் கடலோடு கலந்தது. அதன் உப்பு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருக்கிறது. பருத்த கம்பி மேலேயுள்ள கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. வெடிப்பின் வழியே மேலும் உப்பு நுழைகிறது. இதைத் தடுக்கக் கம்பியின்மேல் கனமான, நெருக்கமான கான்கிரீட் உறை வேண்டும்; எஃகாயின் நல்ல பூச்சும், அதைக் காலந்தவறாமல் புதுப்பித்தலும் வேண்டும். நீர் தேங்கும் மூலைகள் இல்லாதவாறு இணைப்புகளை அமைக்கவேண்டும். கொச்சியின் அடிநிலமோ ஆழ்ந்த மென்சேறு. அதைத் துளைத்துக் கெட்டித் தரையை எட்டும் முளைத்தூண்கள் இல்லாமல் கரைத்தாங்கிகள் நிலைக்கமாட்டா.

உப்புக் காற்றின் நடுவே நடைபாலம் கட்டும் துணிவுக்கு அண்மை உதாரணம் நம் கன்னியாகுமரியில் இருக்கிறது. விவேகானந்தர் பாறையில் 1970-இல் நினைவு மண்டபமும், அடுத்த பாறையில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் திறக்கப்பட்டன. நீர்மட்டம் தாழ்ந்தாலும் கடல் கொந்தளித்தாலும் படகு வள்ளுவர் பாறையை அணுக இயலாது; தொலைவிலிருந்து வந்தோர் பக்கத்துப் பாறையில் நின்றே பார்த்துத் திரும்பினர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கண்ணாடி நடைபாலம் திறக்கப்பட்டது. செலவு 37 கோடி ரூபாய். நாம் மேலே கண்ட வில்நாண் வடிவமே அதற்கும். பாறைக்குப் பாறை ஒரே தாவலாகக் கடப்பதால் இடையே கடலில் தூண் நடவேண்டிய தேவை எழவில்லை.

புனலூர் கற்பிக்கும் பாடம்

பழமையில் சிறந்த உதாரணத்துக்கு நாம் தமிழகம் செல்லவேண்டுவதில்லை. கொல்லத்திலிருந்து செங்கோட்டை செல்லும் வழியில், புனலூரில் கல்லடை ஆற்றின்மேல் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாள் காலத்தில், ஆல்பர்ட் ஹென்றி என்னும் இஞ்சினீயர் அமைத்தது, 1877-இல் முடிந்தது, நீளம் ஏறக்குறைய 400 அடி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தமையால், மலைக்கு இருபுறமும் உள்ள மக்களை இணைத்த பாலம் இது. கற்கோபுரங்களிலிருந்து தொங்கும் சங்கிலிகள் இரு கரையிலும் ஆழ்ந்த கிணறுகளில் பிணைக்கப்பட்டுள்ளன. தளம் கம்பகம் என்று மலையாளத்தில் வழங்கும் உறுதியான மரத்தால் ஆனது.

பாலம் முடிந்த நாளில் மக்கள் ஏற அஞ்சினர் என்றும், இஞ்சினீயர் ஆறு யானைகளை மேலே நடக்கவிட்டுத் தம் குடும்பத்தோடு கீழே படகில் சென்றார் என்றும் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும் அதன் கருத்துப் பொன்னானது: மக்களை ஏற்றுமுன் பாரத்தை ஏற்றிச் சோதித்துக் காட்டுக, அச்சோதனையில் கட்டியவரும் பங்கு கொள்க.

பக்கத்தில் புதிய பாலம் எழுந்தபின் வண்டிகள் அவ்வழி சென்றன; பழைய பாலம் காக்கப்படும் சின்னமாகி, நடப்போருக்கு உரியதாயிற்று. நைந்த பலகையை மாற்றலாம். சங்கிலியைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கலாம். எந்த உறுப்பும் ஆளின் கைக்கும் கண்ணுக்கும் எட்டும்படி அமைந்திருப்பதே நீண்ட ஆயுளுக்கு வழி. மோர்பியும் புனலூரும் ஒரே நூற்றாண்டில் பிறந்த தொங்கு பாலங்கள். ஒன்று பராமரிப்பின் பிழையால் மக்களோடு வீழ்ந்தது. மற்றொன்று இன்றும் நிற்கிறது.

நாம் கேட்கவேண்டியவை

நம் பகுதியில் இனி ஒரு நடைபாலம் பற்றிய பேச்சு எழுமாயின், நகர்மன்ற உறுப்பினரிடமும் வார்டுக் கூட்டத்திலும் நாம் வாய்திறந்து கேட்கவேண்டும். திருவிழா நாளின் கூட்டத்துக்குக் கணக்கிட்டீர்களா? கூட்டம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? பலர் சேர்ந்து நடந்தால் ஆடுமா? சக்கர நாற்காலி ஏறுமா? சைக்கிளும் குழந்தையும் எதிரெதிரே வந்தால் இடம் உண்டா? கீழே படகு போகுமா? ஆண்டுதோறும் துருவைச் சோதிப்பவர் யார், அதற்குப் பணம் எங்கே ஒதுக்கப்பட்டுள்ளது? திறக்குமுன் பாரம் ஏற்றிச் சோதிப்பீர்களா?

பிழைப்புக்காக வேற்றூர் வந்தவர்கள் இவ்வூரின் காரியங்களில் வாய்திறப்பானேன் என்று சிலர் ஒதுங்கலாம். தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்து, வரி செலுத்தி, இவ்வூர்க் கால்வாயை நாள்தோறும் நடந்து கடப்பவர் நாம். பாலத்தின்மேல் நடக்கப்போவது நம் பிள்ளைகள். கேட்பது நம் உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும். மேற்கண்ட கேள்விகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த வார்டுக் கூட்டத்துக்கு அன்பர்கள் தவறாது செல்வார்களாக.